தோட்டத்துத் தாளமும் பியானோ விரல்களும்



இன்றைய கருத்தரங்கில் இசையின் வழியே வரலாற்றைப் பார்க்கிறோம். என் பங்குக்கு நான் எடுத்துக்கொண்டது ஜாஸ் இசை. "சுங்காய் தோட்டத்தில் வளர்ந்தவருக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறது.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் உறுமி மேளம்தான். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டிய அதே கைகள் இரவில் உறுமியையும் தப்பையும் ஏந்தும். என் தாத்தா உறுமி அடித்தவர். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்ப்பார். மறு பக்கத்தை அடிப்பார். மற்றவர்கள் அடிப்படைத் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, அவர் அதன்மேல் தன் மனம்போல் விளையாடுவார். எங்கே சுற்றினாலும் சரியாக முதல் அடிக்கு வந்து சேர்வார். ஏட்டில் எழுதி வைத்தது எதுவும் கிடையாது. "இது படித்தவர்கள் கேட்கிற இசை இல்லை" என்று பலர் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே பருத்தி, கரும்பு, நெல் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் மேளம் முழங்கக் கிளர்ச்சி செய்தார்கள். அதை ஒடுக்கிய பிறகு, 1740இல் வந்த சட்டம் மேளத்தையே தடை செய்தது. மேளம் பறிபோனவர்கள் கையைத் தட்டியும், தொடையில் அடித்தும், காலைத் தரையில் மிதித்தும் தாளத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு திடலில் கூடி ஆட அவர்களுக்கு அனுமதி இருந்தது. காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்ற அந்தத் திடல் இருந்த நகரில்தான் பிற்காலத்தில் ஜாஸ் உருவெடுத்தது.

நம் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்லர். ஒப்பந்தக் கூலிகளாகவும், கங்காணிகள் வழியாகவும் மலாயா வந்தவர்கள். ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது. கூலித் தொழிலாளர்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. ஆகவே இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்து உழைப்பாளிகள் தங்கள் தாளத்தைக் கையோடு காத்தார்கள் என்பது இருவருக்கும் பொது.

ஜாஸின் உயிர், மேடையிலேயே இசையை உருவாக்குவது. நம் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு நெருக்கமானது. 1960களில் இதன் அருகே ஃபங்க் என்ற புதிய தாளம் பிறந்தது. அதற்கு வழி வகுத்தவர் ஜேம்ஸ் பிரவுன். சிறுவயதில் பருத்தி பறித்தவர், காலணி துடைத்தவர். "முதல் அடியில் அழுத்தம் கொடு" என்பதே அவர் தன் குழுவினருக்குச் சொன்ன பாடம். நம் சங்கீதத்தில் அந்த இடத்துக்குச் சமம் என்று பெயர்.

மனோதர்மத்தையும் இந்த ஃபங்க் தாளத்தையும் பியானோவில் இணைத்துப் பெரும்புகழ் பெற்றவர் ஹெர்பி ஹான்காக். சிக்காகோவில் 1940இல் பிறந்தவர். 11 வயதில் சிக்காகோ சிம்பனி குழுவோடு மொஸார்ட்டை வாசித்தவர். ஆனால் 1962இல் அவருக்குப் பெயர் தந்த பாடல், சந்துகளில் தர்ப்பூசணி விற்றவரின் வண்டிச் சக்கரம் கல்தரையில் எழுப்பிய ஓசையை நினைத்து உருவானது. அதே பாடலை 1973இல் 'ஹெட் ஹன்டர்ஸ்' தொகுப்பில் ஃபங்க் தாளத்தில் மீண்டும் வாசித்தார். அதன் தொடக்கத்தில் கேட்பது, மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் ஊதல் இசையைப் பின்பற்றி பியர் பாட்டிலில் ஊதிய ஒலி.

அந்த வழியில் ஒரு தமிழரும் வந்தார் என்பதுதான் நமக்குப் பெருமை. விஜய் ஐயர் 1971இல் நியூயார்க் மாநிலத்தில், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 3 வயதில் வயலின் கற்கத் தொடங்கினார். பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டே பழகினார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பெர்க்லி சென்றவர், இசைக்குத் திரும்பினார். 1998இல் அவர் முடித்த ஆய்வு, ஆப்பிரிக்க, கறுப்பின அமெரிக்க இசையில் தாளத்தை மனிதர் எப்படி உணர்கிறார்கள் என்பது பற்றியது. நடக்கும் காலும் அசையும் உடலும் தாளத்தை அறிகின்றன என்பது அதன் சாரம். என் தாத்தாவுக்கு இதைச் சொல்லியிருந்தால், "இதற்கு ஒரு படிப்பா?" என்று சிரித்திருப்பார்.

விஜய் ஐயர் 2009இல் வெளியிட்ட 'ஹிஸ்டாரிசிட்டி' தொகுப்பில், ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ.வின் பாடலும் உண்டு. ரோனி ஃபாஸ்டர் 1972இல் வெளியிட்ட பழைய ஃபங்க் மெட்டும் உண்டு. அந்த மெட்டில் அடிகளின் நீளத்தை 3, 5, 8, 13 என்ற எண் வரிசையில் அமைத்தார். ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. யாப்பின் மாத்திரைகளை எண்ணிய இந்திய அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்ட வரிசை அது. 2011இல் கிட்டார் கலைஞர் பிரசன்னாவுடனும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவுடனும் 'தீர்த்தா' வெளிவந்தது. 2013இல் மெக்ஆர்தர் விருது பெற்றார். 2014இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அன்பர்களே, தோட்டத்து மக்களின் கைத்தட்டலில் பிழைத்த தாளம் பல்கலைக்கழகப் பாடமாகிவிட்டது. அவர்கள் தங்கள் தாளத்தைக் கீழானது என்று தள்ளவில்லை. நாம் என்ன செய்தோம்? எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பத்தோடு டவுனுக்கு வந்தோம். "தாத்தா, எனக்கும் கற்றுக்கொடுங்கள்" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் போன பிறகு தோல் கிழிந்த ஓர் உறுமி மட்டும் மிஞ்சியது. அதில் அவர் அடித்த அடிகள் எனக்குத் தெரியாது.

உங்கள் ஊரில் மேளம் அடித்த பெரியவர் இன்னும் இருந்தால், இந்த வாரமே போய் அருகில் உட்காருங்கள். அவர் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கும் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த விரல்களுக்குத் தாத்தாவின் தாளமும் தெரியட்டும்.