நாடாவிலிருந்து வட்டுக்கு: ஒரு பாடவேறுபாட்டின் வரலாறு

பழைய வீட்டுக் கணிப்பொறிகளில் மென்பொருள் எவ்வாறு ஏற்றப்பட்டது என்ற பேச்சை எடுத்தாலே, அது பொழுதுபோக்காளர்களின் பழைய நினைவு என்று வரலாற்று மாணவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று அது. ஒரே நிரல் ஒலிநாடாவிலிருந்து நெகிழ்வட்டுக்குப் பெயர்க்கப்பட்டபோது நேர்ந்தவற்றைக் கூர்ந்து நோக்கினால், சுவடிகளைப் படியெடுத்தவர்களின் கதையை அறிந்த நமக்கு அது புதிதாகவே தோன்றாது.

பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் கணினி எழுத்தறிவுத் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய பொறி அது. நமக்கும் அதில் பங்குண்டு. 1984-85இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தை 250 பள்ளிகளில் தொடங்கியபோது, மாணவர் முன் வைக்கப்பட்டது இப்பொறியே. மொஹாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதை இங்கேயே தயாரிக்கவும் செய்தது.

இப்பொறிக்கு நிரலைப் பாட்டுக் கேட்கும் சாதாரண டேப் ரெக்கார்டரிலிருந்தே ஊட்டலாம். சுழியத்துக்கு 1200 ஹெர்ட்ஸ் அலை ஒன்று. ஒன்று என்னும் இலக்கத்துக்கு 2400 ஹெர்ட்ஸ் அலை இரண்டு. ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க, முடிவுக் குறிகளைச் சேர்த்துப் பத்து பிட்டுகள். ஆக, நொடிக்கு 120 பைட்டுகள். பதினாறு கிலோபைட் நிரல் ஒன்று உள்ளே வர, இடைவெளிகளைக் கணக்கிடாமலே இரண்டேகால் நிமிடத்துக்கு மேலாகும். நிரல் 256 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் கோப்பின் பெயர், நினைவகத்தில் அமரவேண்டிய முகவரி, துண்டின் வரிசை எண், பிழை காட்டும் சரிபார்ப்பு எண் ஆகியவை இருக்கும். திரையில் அந்த வரிசை எண் ஏறிக்கொண்டே போகும். பிழை நேர்ந்தால் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றுமாறு பொறி கேட்கும். சற்றுச் சுற்றிவிட்டு, விட்ட துண்டிலிருந்தே தொடரலாம். ஒலியின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வேலை நடவாது. ஆகவே நாடாவை ஏற்றுபவர் காதும் கையுமாக அருகிலேயே இருக்க வேண்டியிருந்தது.

நெகிழ்வட்டு இந்தக் காத்திருப்பை ஒழித்தது. நாற்பது தடங்கள், தடத்துக்குப் பத்துப் பிரிவுகள், பிரிவுக்கு 256 பைட்டுகள்: ஒரு பக்கத்தில் 1,02,400 பைட்டுகள். ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தியபடி ‘பிரேக்’ விசையைத் தட்டினால் சில நொடிகளில் நிரல் ஓடத் தொடங்கும். வசதி பெரிது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. வரலாற்றாளர் காண வேண்டியது அந்த விலையையே.

முதலாவது, பெயர். நாடாவில் கோப்புப் பெயர் பத்து எழுத்துகள் வரை நீளலாம். வட்டில் ஏழே எழுத்துகள். ஒரு நிரல் அடுத்த நிரலைப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில், சுருங்கிய பெயருக்கேற்ப நிரலின் வரியையும் திருத்த வேண்டும். படியெடுப்பவரின் கை மூலத்துக்குள் நுழையும் முதல் இடம் இது.

இரண்டாவது, இடம். பொறியின் நினைவகம் மொத்தம் 32,768 பைட்டுகள். நாடா மட்டும் இருந்தால் நிரல் 3584ஆம் முகவரியிலிருந்து தொடங்கலாம். வட்டு முறைமை தன் பயன்பாட்டுக்கென 2816 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் தொடக்கம் 6400க்குத் தள்ளப்படும். உயர்தரப் படத்திரையோ 12,288இலிருந்து முடிவு வரை நிரப்பிக்கொள்ளும். எனவே அத்திரையைப் பயன்படுத்தும் நிரலுக்கு நாடாவில் 8704 பைட்டுகள் கிடைத்தன. வட்டில் 5888 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய பறிபோயிற்று. நாடாவுக்கென எழுதப்பட்ட நிரல் வட்டு பொருத்திய பொறியில் அப்படியே அமரவில்லை.

பெயர்த்தவர்கள் ஓர் உபாயம் கண்டனர். வட்டிலிருந்து நிரலை மேல்முகவரியில் ஏற்றுவது. பின்னர் வட்டு முறைமையைத் துறந்து நாடா முறைமைக்கு மாறும்படி ஆணையிடுவது. அதன்பின் நிரலை நான்கு நான்கு பைட்டுகளாக 3584க்கு இறக்கி அங்கிருந்து ஓட்டுவது. மூல ஆசிரியர் எழுதாத சில வரிகள் இதற்காகச் சேர்க்கப்பட்டன. சுவடியியல் மொழியில் சொன்னால் இவை இடைச்செருகல்கள். விளைவும் உண்டு: அவ்வாறு இறக்கப்பட்ட நிரலால் வட்டை மீண்டும் தொட இயலாது.

ஆசிரியர்களே இரு பாடங்களை இயற்றியதும் உண்டு. இயன் பெல், டேவிட் பிராபென் இருவரும் எழுதி 1984இல் வெளிவந்த ‘எலைட்’ விளையாட்டின் வட்டுப் பதிப்பில் கூடுதல் விண்கலங்களும் தனிப் பணிகளும் இருந்தன. நாடாப் பதிப்பில் அவை இல்லை. வட்டுப் பதிப்பு வேண்டிய பகுதியை வேண்டிய வேளையில் படித்துக்கொண்டது. நாடாப் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே தடவையில் நினைவகத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஆகவே ‘எலைட்’ என்று பொதுவாகச் சொல்லும் ஆய்வாளர், எந்தப் பாடத்தைக் கூறுகிறார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இன்று இணையத்தில் கிடைக்கும் வட்டுப் படிமங்களில் பல, நாடாவில் வெளிவந்தவற்றைப் பின்னாளில் யாரோ பெயர்த்தவை. பெயர்த்தவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் பல நிரல்கள் அழிந்தே போயிருக்கும். ஆயினும் படியை மூலமெனக் கொள்வது பிழை. நாடாவின் இடைவெளிகளையும் ஒலிக்குறிகளையும் அப்படியே காக்கும் ‘யுஇஎஃப்’ போன்ற கோப்பு வடிவங்கள் உருவானது இதனால்தான்.

இனி ஒரு வேண்டுகோள். அக்காலத்தில் கணிப்பொறி வந்த பள்ளி ஒன்றின் பண்டக அறையில் பெயரில்லாத கேசட்டுகள் கிடக்கலாம். இந்திய ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புக்கென எழுதிய பாடநிரல் அவற்றில் இருக்கக்கூடும். அதற்கு வேறு படியே இல்லாமலும் இருக்கக்கூடும். நண்பர்கள் யாருக்கேனும் அவை கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். பலமுறை ஓட்டிப் பார்க்கவும் வேண்டா. காந்தப் பூச்சு உதிரும் நிலையில் இருந்தால் முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடும். எனவே முதல் ஓட்டத்திலேயே சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகப் பதிவு செய்யுங்கள்; எம்பி3 வேண்டா. உறையையும் ஒட்டுச்சீட்டில் உள்ள கையெழுத்தையும் படமெடுத்து உடன் வையுங்கள். நிரலைப் பிரித்தெடுப்பதும் திருத்துவதும் பிறகு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். மூலம் போய்விட்டால், ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு எதுவும் மிஞ்சாது.