போர்க்குணமும் மறுப்பும்: 1979 லண்டன் ஆய்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

புற்றுநோயாளியின் மனநிலை அவரது ஆயுளைத் தீர்மானிக்குமா என்ற விவாதத்தில் எல்லோரும் போய் நிற்கும் இடம், ஸ்டீவன் கிரீர், டினா மாரிஸ், கீத் பெட்டிங்கேல் மூவரும் 1979இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 69 பெண்களிடம் தொடங்கியது அது. அறுவைக்கு மூன்று மாதம் கழித்து அவர்களிடம் பேசி, மனப்போக்கை மறுப்பு, போர்க்குணம், அமைதியான ஏற்பு, கையறுநிலை என நான்காகப் பிரித்தார்கள். பதினைந்து ஆண்டுத் தொடர்ச்சி 1990இல் வந்தது. முதல் இரு வகையினரில் 45 விழுக்காட்டினர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 17 விழுக்காட்டினர்.

மனப்போக்கே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்பது கிரீரின் வாசிப்பு. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த 45 விழுக்காட்டில் யார் யார் அடங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். போராடி வெல்வேன் என்றவர்களோடு, தனக்கு வந்தது பெரிய நோயே இல்லை, முன்னெச்சரிக்கைக்காகத்தான் மார்பை எடுத்தார்கள் என்ற போக்கில் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஒருத்தி நோயை நேருக்கு நேர் பார்க்கிறாள். இன்னொருத்தி பார்க்கவே மறுக்கிறாள். எதிரெதிரான இரு மனங்களுக்கும் ஒரே பலன் கிடைத்திருக்க, உலகம் எடுத்துக்கொண்டது போர்க்குணத்தை மட்டும். 1988இல் இதே வழியில் வந்த, நோயாளியின் மனப்போக்கை அளக்கும் மனத்தகவமைவு அளவுகோலின் 40 கூற்றுகளில் போர்க்குணத்துக்கு 16. மறுப்புக்கு நெருக்கமான தவிர்த்தலுக்கு ஒன்றே ஒன்று. ஆய்வில் நல்ல பலன் காட்டிய இரு வகைகளில் ஒன்றான மனநிலை, கருவியில் ஏறக்குறைய காணாமற்போனது. இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான தடயம் வேறில்லை என்று கருதுகிறேன்.

அடுத்தது உடல். அக்குள் நிணநீர்க்கணுக்களில் நோய் பரவியிருந்ததா என்பது கிரீர் ஆய்வின் கணக்கில் இல்லை. பிழைப்பதற்கான வாய்ப்பைச் சொல்வதில் அக்காலத்தில் அதற்கு இணையான அளவுகோல் கிடையாது. உள்ளே நோய் பரவத் தொடங்கியவருக்கு உடற்சோர்வே நம்பிக்கையைக் குறைத்திருக்கலாம். அப்படியானால் கையறுநிலை நோயின் காரணமல்ல, விளைவு. இதை நேரடியாக நிறுவும் தரவு என்னிடம் இல்லை. ஆனால் இரு நல்ல வகைகளையும் சேர்த்தாலும் இருபது பேர் அளவே தேறும் ஓர் ஆய்வில், இந்த ஐயத்தைத் தீர்க்காமல் மனத்துக்குப் பெருமை தருவது முறையல்ல. நோய் திரும்பிய பெண்ணிடம் 'நீ போதுமான அளவு போராடவில்லை' என்று சொல்லாமற்சொல்லும் கொடுமை அந்தப் பெருமையிலிருந்துதான் பிறக்கிறது.

மனத்துக்கு ஆதரவு தந்தால் ஆயுள் நீளுமா என்பது அடுத்த கேள்வி. ஆதரவுக் குழுவில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்ததாக டேவிட் ஸ்பீகல் 1989இல் எழுதினார். அதேபோன்ற ஆதரவுக் குழுக்களை வைத்துக் கனடாவில் 235 பெண்களிடம் நடந்து 2001இல் வெளியான சோதனையில் ஆயுள் நீளவில்லை, மனவேதனையும் வலியும் குறைந்தன. 2007இல் வெளியான ஸ்பீகலின் மறுசோதனையும் ஒட்டுமொத்தமாக ஆயுள் நீட்சி காட்டவில்லை.

போர்க்குணக் கருத்துக்குத் தீர்க்கமான அடி அதற்கிடையே 1999இல் மேகி வாட்சன் குழுவினரிடமிருந்து வந்தது. ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் 578 பெண்களிடம் போர்க்குணத்தால் ஆயுளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கட்டுரையாளர்களில் கிரீரும் ஒருவர். தன் கண்டுபிடிப்பைத் தானே பெரிய அளவில் சோதித்து முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மைக்குத் தலைவணங்க வேண்டும். எந்த ஆண்டில் போர்க்குணம் ஆயுளை நீட்டும் என்ற கருத்து ஆய்வேடுகளைவிட்டு ஆறுதல் மொழிக்குள் புகுந்தது என்று குறிக்க இயலாது. 1999க்கு வெகு முன்னரே புகுந்துவிட்டது என்பது மட்டும் உறுதி.

வாட்சனின் அதே ஆய்வில் கையறுநிலை மிகுந்தவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பத்தாண்டுத் தொடர்ச்சியிலும் அது மறையவில்லை. இதை என் வாதத்தால் முழுதும் கரைத்துவிட முடியாது. கையறுநிலை ஆபத்தைக் கூட்டுவதற்கு, மனச்சோர்வில் மருந்தைத் தவறவிடுவது ஒரு வழியாகலாம். மனச்சோர்வும் ஆயுளும் சேர்ந்தே மாறிய ஒரு சோதனையும் உண்டு. பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஜெனிஃபர் டெமெல் செய்து 2010இல் வெளியிட்ட சோதனையில், தொடக்கத்திலேயே வலி தணிப்புப் பராமரிப்பு பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது. அவர்களின் இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. போராடச் சொல்லி அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. கூடுதல் வாரங்கள் மனத்தின் வழியாக வந்தனவா, வலி தணிந்ததால் வந்தனவா, கடைசிக் கட்டக் கடும் சிகிச்சை குறைந்ததால் வந்தனவா என்பதை அந்தச் சோதனை பிரித்துக் காட்டவில்லை.