பெர்லின் முற்றுகை (1948–49)

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஐரோப்பாவில் நேருக்கு நேர் மோதி நின்ற முதல் பெரிய நெருக்கடி பெர்லின் முற்றுகை. 1948 ஜூன் 24 முதல் 1949 மே 12 வரை மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், நீர்வழிகளைச் சோவியத் தரப்பு அடைத்தது. அங்கிருந்த இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானங்களில் வந்து இறங்கின.

தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் பங்கிட்டுக்கொண்டன. பெர்லினும் அப்படியே நான்கு கூறானது. ஆனால் நகரம் இருந்ததோ சோவியத் பகுதியின் நடுவே. ஜெர்மனி இனி தலைதூக்கவே கூடாது என்றார் சோவியத் தலைவர் ஸ்டாலின். போரில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த நாட்டின் அச்சம் அது. அதை வெறும் ஆதிக்க ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெர்மன் தொழில்கள் மீளாமல் மேற்கு ஐரோப்பா பிழைக்காது என்பது வாஷிங்டனின் கணக்கு. 1948 ஜூன் 20 அன்று மேற்குப் பகுதிகளில் டாய்ச் மார்க் என்ற புதிய நாணயம் புழக்கத்துக்கு வந்தது. அது மேற்கு பெர்லினுக்கும் நீண்டபோது வழிகள் மூடப்பட்டன.

சாலை, ரயில் வழிகளுக்கு எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் எதையும் மேற்கு நாடுகள் வாங்கி வைத்திருக்கவில்லை. ஆனால் மூன்று வான்வழிகளுக்கு 1945 நவம்பரிலேயே ஒப்புதல் பெற்றிருந்தன. அவற்றை மறிக்க வேண்டுமானால் விமானத்தைச் சுட வேண்டும், சுட்டால் போர். இரு தரப்பும் அதை விரும்பவில்லை.

அந்த வான்வழிகளில் சரக்கு கொண்டுசெல்வதில் தொடக்கத்தில் குழப்பம்தான். ஆகஸ்ட் 13 அன்று மழையிலும் மேகமூட்டத்திலும் பெர்லின் வானில் விமானங்கள் இறங்க வழியின்றி வட்டமிட்டுக்கொண்டிருந்தன. பொறுப்பிலிருந்த தளபதி வில்லியம் டன்னர் அதன்பின் ஒரு விதி வகுத்தார்: இறங்க ஒரே வாய்ப்பு, தவறினால் சரக்கோடு புறப்பட்ட தளத்துக்கே திரும்ப வேண்டும். இந்தக் கண்டிப்புதான் நகரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். 1949 ஏப்ரலில், ஈஸ்டரையொட்டிய ஒரே நாளில், விமானங்கள் ஏறத்தாழ 1,400 முறை பறந்து 12,900 டன்னுக்கு மேல் சரக்கு கொண்டுவந்தன. உப்பு விமான உடலை அரிக்கும் என்பதால், கடல்நீரைத் தாங்கும்படி கட்டப்பட்ட பிரிட்டனின் சண்டர்லேண்ட் நீர்விமானங்கள் அதை ஏற்றிவந்து ஹாஃபல் நீர்ப்பரப்பில் இறங்கின. குழந்தைகளுக்குக் கைக்குட்டைப் பாராசூட்டுகளில் மிட்டாய் போட்ட விமானி கெயில் ஹால்வர்சனை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் மொத்தம் வந்த சுமார் 23 லட்சம் டன்னில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. அந்த மூட்டைகளைச் சுமந்து இறக்கிய பெர்லின் தொழிலாளர்களையும், டேகல் விமானத் தளத்தை மூன்றே மாதங்களில் கட்டி முடித்த ஆண்களையும் பெண்களையும் அதே அளவு நினைவுகூர வேண்டும். விபத்துகளில் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சோவியத் பகுதிக்குச் செல்லும் சரக்குகளை மேற்கு நாடுகளும் பதிலுக்குத் தடுத்திருந்தன. எஃகும் இயந்திரங்களும் கிடைக்காமல் கிழக்கின் தொழில்கள் தடுமாறின. மே 12 அன்று முற்றுகை விலக்கப்பட்டது. மறுபடி அடைத்துவிட்டால் என்ன செய்வது என்று செப்டம்பர் 30 வரை விமானங்கள் பறந்து இருப்பைச் சேர்த்தன. அதற்குள் நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணி உருவாகியிருந்தது. மே 23-இல் மேற்கு ஜெர்மனியும் அக்டோபர் 7-இல் கிழக்கு ஜெர்மனியும் தனித்தனி நாடுகளாயின.