பழைய அரசுப் பள்ளிக் கட்டடங்கள்: இடிப்பதா, வலுப்படுத்துவதா? சட்டமும் நடைமுறையும்

புதுதில்லி: நாடு முழுவதும் உள்ள 14.7 லட்சம் பள்ளிகளில் 10 லட்சத்துக்கும் அதிகமானவை அரசுப் பள்ளிகள். இவற்றில் பல, பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில் இயங்கி வருகின்றன. இக்கட்டடங்களைப் புதுப்பிப்பது நிதி சார்ந்த பிரச்னையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. எந்தக் கட்டடம் ஆபத்தான நிலையில் உள்ளது என்பதை உரிய காலத்தில் கண்டறிவதே அதற்கு முந்தைய பணி என்பதை 2025-ஆம் ஆண்டு நிகழ்ந்த விபத்து உணர்த்தியது.

ராஜஸ்தான் மாநிலம் ஜாலாவாட் மாவட்டம் பிப்லோடி கிராமத்தில் 2025 ஜூலை 25-ஆம் தேதி அரசுப் பள்ளியின் மேற்கூரை இடிந்து விழுந்ததில் 7 குழந்தைகள் உயிரிழந்தனர். பழுதடைந்த கட்டடங்களின் பட்டியலில் அப்பள்ளி இடம்பெறவில்லை என்று மாவட்ட நிர்வாகம் பின்னர் தெரிவித்தது. மறுநாளே, அனைத்துப் பள்ளிகளிலும் பாதுகாப்புத் தணிக்கை நடத்துமாறு மாநிலங்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. ஆபத்தான சூழல் அல்லது விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. இதைத் தொடர்ந்து ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து நடத்திய விசாரணையில், 86 ஆயிரத்துக்கும் அதிகமான வகுப்பறைகள் பழுதடைந்திருப்பது தெரியவந்தது. அவற்றில் மாணவர்களை அமர்த்தக் கூடாது என நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டம் கூறுவது என்ன?

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எல்லாப் பருவநிலைகளுக்கும் ஏற்ற கட்டடம் பள்ளிக்கு இருக்க வேண்டும் என்கிறது. ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை, தடையற்ற அணுகல் வசதி, மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள், பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவையும் கட்டாயம். பள்ளிக் கட்டடம் உள்ளிட்ட அடிப்படை வசதிகளை அமைத்துத் தருவது மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றின் கடமை என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி நிகழ்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் பலியானதை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், உச்சநீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறுவது குழந்தையின் உரிமை என்று அத்தீர்ப்பு கூறியது. தீயணைப்புக் கருவிகள், தேசியக் கட்டட விதிகளின்படியான கட்டுமானம் ஆகியவற்றையும் வலியுறுத்தியது.

கட்டடம் ஏன் பழுதாகிறது?

பெரும்பாலான சிதைவு நீரில் தொடங்குகிறது. மொட்டை மாடியின் மழைநீர் வடிகுழாய் அடைபட்டால் நீர் தேங்கிக் கூரைக்குள் கசிகிறது. கசிவால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பூச்சு பெயர்ந்து விழுகிறது. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் ஆலும் அரசும் விரிசலைப் பெரிதாக்குகின்றன. இவை ஆரம்பத்தில் சிறு செலவில் சரிசெய்யக்கூடியவை. கவனிக்காமல் விட்டால் கட்டடத்தையே இடிக்கும் நிலை ஏற்படும்.

கட்டடத்தின் வயதை மட்டும் கொண்டு அதன் உறுதியை முடிவு செய்ய இயலாது. பொறியாளர்கள் முதலில் நேரில் பார்வையிட்டு விரிசல், கசிவு, தளத்தின் தொய்வு ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர். ஐயம் எழுந்தால் மீள்தாக்கச் சுத்தியல், மீயொலிச் சோதனை ஆகியவற்றின் மூலம் கான்கிரீட்டின் தரத்தை அறிகின்றனர். தேவைப்பட்டால் மாதிரி வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். அதன் அடிப்படையிலேயே பழுதுபார்ப்பதா, வலுப்படுத்துவதா, இடித்துக் கட்டுவதா என்பது முடிவாகிறது.

நகரங்களின் சிக்கல்

நகரப் பள்ளிகளுக்குக் கூடுதல் இடர்ப்பாடு உண்டு. கட்டடத்தை இடித்தால் மாணவர்களை எங்கே அமர்த்துவது என்ற கேள்விக்குக் காலிமனை இல்லாத பகுதிகளில் எளிதில் விடை கிடைப்பதில்லை. தில்லியில் பல அரசுப் பள்ளிகள் ஏற்கெனவே காலை, மாலை என இரு வேளைகளாக இயங்குகின்றன. அருகிலுள்ள பள்ளிக்கு மாற்றினால் நடந்து செல்லும் தொலைவு கூடும். இதனால் சிறு குழந்தைகளின் வருகை குறைய வாய்ப்புண்டு.

எனவே இடிக்காமல் வலுப்படுத்தும் முறை நகரங்களுக்கு முக்கியமானது. நிலநடுக்க அபாயம் அதிகமுள்ள தில்லியில், 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் இதற்கான முன்னோடித் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. அதற்குத் தேர்வான ஐந்து முக்கியக் கட்டடங்களில் லட்லோ காசில் பள்ளியும் ஒன்று. செங்கல் சுவர்களின் குறுக்கே கம்பி வலைப் பட்டைகள் பதித்துச் சிமெண்ட் பூசுவது, தூண்களைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் சேர்ப்பது ஆகியவை இம்முறையில் வழக்கமான பணிகள். இவற்றைக் கோடை விடுமுறையில் பகுதி பகுதியாகச் செய்ய முடியும்.

நிதி எங்கிருந்து?

'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்கு 60:40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. இத்திட்டத்தில் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஆண்டுதோறும் ரூ.10 ஆயிரம் முதல் ரூ.1 லட்சம் வரை ஒருங்கிணைந்த மானியம் வழங்கப்படுகிறது. கற்றல் பொருள்கள், மின்கட்டணம், தூய்மைப் பணி, சிறு பழுதுகள் என அனைத்தையும் இத்தொகைக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். 2022-இல் ஒப்புதல் பெற்ற 'பிஎம் ஸ்ரீ' திட்டம், ரூ.27,360 கோடியில் 14,500 பள்ளிகளை மட்டுமே மேம்படுத்துகிறது.

மாநிலங்களும் தனித் திட்டங்களை வகுத்துள்ளன. ஆந்திரத்தில் 2019 நவம்பரில் தொடங்கிய 'நாடு-நேடு' திட்டத்தின் முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகள் சீரமைக்கப்பட்டன. ஒப்பந்ததாரர்களுக்குப் பதிலாகப் பெற்றோர் குழுக்களிடம் பணிகள் ஒப்படைக்கப்பட்டது அதன் தனித்தன்மை. கேரளத்தில் மாநில உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் கடன் திரட்டிப் பள்ளிக் கட்டடங்களுக்கு நிதியளிக்கிறது.

பெற்றோர் செய்யக்கூடியவை

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியச் செலவைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகள். கூரைக் கசிவு, சுவர் விரிசல், தொங்கும் மின்கம்பி ஆகியவற்றைக் குழுக் கூட்டத்தில் எழுத்துபூர்வமாகப் பதிவு செய்து, புகைப்படத்துடன் கல்வித் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் அனுப்பலாம். தணிக்கை அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரவும் வழியுண்டு.

புதிய கட்டடங்களுக்கும் இதே கண்காணிப்பு தேவை. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் ஆய்வும் பராமரிப்பு நிதியும் உறுதி செய்யப்படாவிட்டால், இன்று திறக்கப்படும் வகுப்பறைகளும் ஒருநாள் பழுதடைந்த கட்டடங்களின் பட்டியலில் சேரும்.