அலைக்கற்றையும் அலையும்: நீலகிரித் தொகுதியில் கட்சி எழுச்சியும் ஊடகச் செய்தியாக்கமும் (2007–2024)

ஆய்வுச்சுருக்கம்

2ஜி அலைக்கற்றை விவகாரம் நீலகிரி மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தீர்மானித்தது என்னும் கருத்து ஊடகங்களில் நிலைபெற்றுள்ளது. 2009 முதல் 2024 வரையிலான மக்களவை, சட்டமன்றத் தேர்தல் முடிவுகளை ஊடக நிகழ்வுகளின் காலவரிசையோடு ஒப்பிட்டு இக்கருத்தின் வலிமையை இக்கட்டுரை சோதிக்கிறது. மலைப்பகுதியும் சமவெளிப்பகுதியும் ஒரே செய்தியை வெவ்வேறாக ஏற்றன என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: நீலகிரி, அலைக்கற்றை, கட்சித் தொலைக்காட்சி, தொகுதி மறுவரையறை, கூடலூர், பிரிவு 17 நிலம்

முன்னுரை

தேர்தல் காலத்தில் ஒரு கட்சியினரிடம் தோன்றும் ஊக்கத்தைத் தமிழ் இதழியல் ‘எழுச்சி’ என்றும், அது வாக்காளரிடையே பரவியதாகக் கருதப்படும்போது ‘அலை’ என்றும் குறிக்கிறது. இவ்விரண்டையும் ஊடகம் உருவாக்குகிறதா, அன்றி ஏற்கெனவே உள்ளதை எடுத்துக்காட்டுகிறதா என்பது பழைய வினா. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் வணிகத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரின் ஆவேச உரை ‘டீ பார்ட்டி’ இயக்கத்துக்கு உந்துதலாயிற்று. 2010 இடைக்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் அவையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. மறுபுறம், 2024 சூலையில் பைடன் விலகிக் கமலா ஹாரிஸ் வேட்பாளரானபோது சனநாயகக் கட்சியினரிடம் எழுந்த உற்சாகம் பெரிதும் பேசப்பட்டது. நவம்பரில் அக்கட்சி தோற்றது. எழுச்சி வாக்காக மாறும் வழி நேரானதன்று என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்று. பெயரில் மட்டுமன்றி வாழ்விலும் தேயிலையைக் கொண்ட நீலகிரியில் இவ்வினாவை இன்னும் நுணுக்கமாக ஆராய முடிகிறது.

தொகுதியும் அதன் மறுவரையறையும்

2008ஆம் ஆண்டு மறுவரையறைக்கு முன்பு நீலகிரி பொதுத்தொகுதி. 1962இல் அக்கம்மா தேவி (காங்கிரசு), 1967இல் நஞ்ச கவுடர் (சுதந்திரா), 1971இல் மாதா கவுடர் (தி.மு.க.), 1998இலும் 1999இலும் மாஸ்டர் மாதன் (பா.ச.க.) எனப் படுகர் சமூகத்தவர் வெவ்வேறு கட்சிகளின் சார்பில் இங்கு வென்றுள்ளனர். வெவ்வேறு கட்சிகள் சிறுதேயிலை உழவர்களின் ஹட்டிகளிலிருந்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்ததுண்டு. மறுவரையறைக்குப் பின் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று மலைத்தொகுதிகளுடன் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் ஆகிய சமவெளித் தொகுதிகளும் இன்று இதில் அடங்கும். பெரம்பலூர் பொதுத்தொகுதியானதால் அங்கிருந்து வந்த ஆ.இராசா 2009இல் 3,16,802 வாக்குகள் பெற்று, ம.தி.மு.க. வேட்பாளரை 86,021 வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

ஊடகத்திலிருந்து பிறந்த அமைச்சுப் பொறுப்பு

இராசா தொலைத்தொடர்பு அமைச்சரானதே ஓர் ஊடக நிகழ்வின் விளைவு. 2007 மே 9 அன்று ‘தினகரன்’ வெளியிட்ட கருத்துக்கணிப்பு, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்னும் வினாவை எழுப்பியது. மதுரையில் அந்நாளிதழின் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் மூவர் உயிரிழந்தனர். தயாநிதி மாறன் அமைச்சர் பதவியிலிருந்து விலக, அதுவரை சுற்றுச்சூழல் துறையை வகித்த இராசா அப்பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கியது. 1993 முதல் தி.மு.க.வின் குரலாக அறியப்பட்ட சன் தொலைக்காட்சிக்கும் கட்சித் தலைமைக்கும் இடையிலான இடைவெளி இவ்வாறு வெளிப்பட்டது. 2006 தேர்தல் வாக்குறுதியின்படி இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வழங்கப்பட்டுவந்த காலமும் இதுவே. பெட்டியை அரசு தந்தது. பெட்டிக்குள் எக்குரல் ஒலிப்பது என்பதில் கட்சிக் குடும்பத்துக்குள்ளேயே போட்டி நிலவியது.

ஓர் எண்ணின் பயணம்

2008 சனவரி 10இல் அலைக்கற்றை உரிமங்கள் வழங்கப்பட்டன. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2010 நவம்பர் 16இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுவதற்கு இரு நாள்களுக்கு முன் இராசா பதவி விலகினார். அவ்வறிக்கை அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பாக ஏறத்தாழ 57,000 கோடி ரூபாய் தொடங்கி ஏறத்தாழ 1,76,000 கோடி ரூபாய் வரை பல மதிப்பீடுகளைத் தந்தது. செய்தித் தலைப்புகளில் நிலைத்தது உச்ச எண் ஒன்றே. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை தன் குற்றப்பத்திரிகையில் 30,984 கோடி என்று குறிப்பிட்டபோதும் அவ்வெண் மேடைகளில் இடம்பெறவில்லை. கருதுகோள் சார்ந்த மதிப்பீடு, கையாடப்பட்ட தொகை என்னும் பொருளில் பேச்சுவழக்கில் கலந்துவிட்டது; செய்தியாக்கத்தின் ஆற்றல் இங்கு வெளிப்படை. ஆயினும் ஊடகத்தை ஒரே தரப்பாகக் கொள்ள இயலாது. அதே நவம்பரில் வெளியான நீரா ராடியா உரையாடல் பதிவுகள், அமைச்சரவை அமைப்பில் இதழாளர்களுக்கு இருந்த தொடர்பையும் வினாவுக்குள்ளாக்கின.

2011 பிப்ரவரி 2இல் இராசா கைது செய்யப்பட்டார். சரியாக ஓராண்டு கழித்து உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை நீக்கியது.

2011: அலைக்கு எதிரான மலை

கைதுக்குப் பின் பத்து வாரங்களில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. 234 இடங்களில் தி.மு.க. பெற்றவை 23 மட்டுமே. இவ்வீழ்ச்சிக்கு அலைக்கற்றையும் மின்வெட்டும் முதன்மைக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆனால் அந்த 23 இடங்களுள் இரண்டு, சிறையிலிருந்த முன்னாள் அமைச்சரின் சொந்தத் தொகுதிக்குள் அடங்கிய குன்னூரும் கூடலூரும் ஆகும். மலையின் மூன்றாம் தொகுதியான உதகமண்டலத்தில் தி.மு.க. போட்டியிடவில்லை, கூட்டணிக் கட்சியான காங்கிரசு போட்டியிட்டுத் தோற்றது. மேட்டுப்பாளையத்தையும் அவிநாசியையும் அ.தி.மு.க. கைப்பற்றியது, பவானிசாகர் அதன் கூட்டணியிலிருந்த இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்குச் சென்றது. ஒரே மக்களவைத் தொகுதி, ஒரே குற்றச்சாட்டு, ஒரே தொலைக்காட்சிகள். மலையும் சமவெளியும் எதிரெதிர்த் திசையில் வாக்களித்தன.

இவ்வேறுபாட்டை அலைக்கற்றையால் விளக்க இயலாது. விசைத்தறியும் பின்னலாடையும் சார்ந்த அவிநாசிப் பகுதியில் மின்வெட்டு நேரடியாகக் கூலியைப் பறித்தது. மலையிலோ சிக்கல்கள் வேறு: பச்சைத் தேயிலை விலை, தோட்டக்கூலி, வீட்டுமனைப் பட்டா. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அரசுத் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து கூடலூர், குன்னூர், கோத்தகிரி வட்டங்களில் குடியேறின. இவர்களிடையே கட்சி என்பது தொலைக்காட்சி வழி அறியப்படுவதைக் காட்டிலும் தொழிற்சங்கக் கிளை வழியும் குடியிருப்பு வரிசை வழியும் அறியப்படுவது. ஊடகச் செய்தி அவ்வடுக்கைக் கடந்தே வாக்காளரை அடைய வேண்டியிருந்தது என்று கருதுவது பொருந்தும்.

2014 முதல் 2024 வரை: வேறுபாடு கூறுவதும் மறைப்பதும்

2014இல் இராசா 1,04,940 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். நாட்டின் செய்தி ஊடகங்கள் இதை ஊழலுக்கு எதிரான தீர்ப்பாக எழுதின. இரண்டு செய்திகள் அவ்விளக்கத்தை நெருக்கடிக்குள்ளாக்குகின்றன. ஒன்று, அத்தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் 37ஐ அ.தி.மு.க. வென்றது, தி.மு.க. ஓரிடத்திலும் வெல்லவில்லை. குற்றச்சாட்டே இல்லாத வேட்பாளர்களும் உடன் தோற்றனர். மற்றொன்று, தோற்ற இராசா பெற்ற 3,58,760 வாக்குகள், வென்ற 2009இல் பெற்றதைவிட 41,958 மிகுதி. வாக்காளர் தொகை வளர்ந்ததையும், காங்கிரசு இம்முறை உடனில்லை என்பதையும் சேர்த்து நோக்கினாலும், அடித்தளம் சரிந்ததாகக் கூற இயலவில்லை.

அதே தேர்தலில் நீலகிரியில் 46,559 பேர் ‘மேற்கண்ட எவருமில்லை’ என்று வாக்களித்தனர். நாட்டிலேயே மிக உயர்ந்த எண்ணிக்கை அது. இதுவும் 2ஜிக்கு எதிரான சினமாக விளக்கப்பட்டது. பா.ச.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியானதால் அக்கட்சிக் கூட்டணியின் ஆதரவாளர்களுக்கு வாக்களிக்க வேட்பாளரே இல்லாதிருந்த நிலையை அவ்விளக்கம் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை. தங்கள் சமூகத்தவர் போட்டியிட இயலாத தொகுதியாகிவிட்டது என்னும் படுகர்களின் குறையும் இவ்வெண்ணுக்குள் இருந்திருக்கலாம். எண் பேசுவதில்லை, பேசவைக்கப்படுகிறது.

2017 டிசம்பர் 21இல் சிறப்பு நீதிமன்றம் இராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. வதந்தியாலும் ஊகத்தாலும் உருவான பொதுக்கருத்துக்கு நீதிமன்றத்தில் இடமில்லை என்று தீர்ப்பு சுட்டியது. 2019இல் இராசா 5,47,832 வாக்குகளுடன் 2,05,823 வேறுபாட்டில் வென்றார். இதை விடுதலையின் விளைவாகக் கொள்வோர், தமிழகத்தில் அன்று தி.மு.க. கூட்டணி ஓரிடம் தவிர அனைத்தையும் வென்றதை நினைவிற்கொள்ள வேண்டும். தண்டனையாகக் காட்டப்பட்ட தோல்வியைப் போலவே இவ்வெற்றியும் மாநிலப் போக்கோடு இயைந்தது.

2024 தேர்தல் இன்னும் தெளிவான சோதனை. வாக்குப்பதிவுக்கு நான்கு வாரங்களுக்கு முன், மார்ச்சு 22இல் தில்லி உயர்நீதிமன்றம் விடுதலைக்கு எதிரான மேல்முறையீட்டை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் சனாதனம் குறித்த இராசாவின் பேச்சுத் துணுக்குகள் நாடெங்கும் ஒளிபரப்பாகியிருந்தன. மத்திய இணையமைச்சர் எல்.முருகன் களமிறங்கியதால் தொகுதி மீது வெளிமாநில ஊடகங்களின் கவனமும் குவிந்தது. இராசா 2,40,585 வாக்கு வேறுபாட்டில் வென்றார். ‘மேலும் பெரிய வெற்றி’ என்பது அடுத்த நாள் செய்தி. ஆனால் அவர் பெற்ற வாக்குகள் 4,73,212. 2019ஐ விட 74,620 குறைவு. 2019இல் ஓரணியில் நின்ற பா.ச.க.வும் அ.தி.மு.க.வும் பிரிந்து முறையே ஏறத்தாழ 2.33 இலட்சமும் 2.20 இலட்சமும் பெற்றதால் வேறுபாடு விரிந்தது. அவ்விரண்டையும் கூட்டினாலும் இராசாவின் வாக்குகளுக்குச் சற்றுக் குறைவே. எனினும் அந்த இடைவெளி ஏறத்தாழ இருபதாயிரம் மட்டும் என்பதைச் செய்தித் தலைப்பு காட்டாது.

கூடலூர்

மலைத்தொகுதிகளுள் கூடலூரின் போக்கைத் தனித்து நோக்க வேண்டும். தி.மு.க. வீழ்ந்த 2011இலும் எதிர்க்கட்சியாகவே நீடித்த 2016இலும் அக்கட்சியைத் தேர்ந்த கூடலூர், அது ஆட்சியைப் பிடித்த 2021இல் அ.தி.மு.க.வைத் தேர்ந்தது. 2017ஆம் ஆண்டு கொடநாடு எஸ்டேட் கொள்ளை தி.மு.க.வின் தேர்தல் மேடைகளில் ஒலித்த காலம் அது. கோத்தகிரி வட்டாரத்தை உள்ளடக்கிய குன்னூர் தி.மு.க.விடம் மீண்டது, கூடலூர் அதனிடமிருந்து நழுவியது. மாநில அலைக்கு எதிராக இருமுறை நின்ற இப்பகுதியின் அரசியல், 1969ஆம் ஆண்டு கூடலூர் சன்ம நில ஒழிப்புச் சட்டத்தைச் சுற்றியே அரை நூற்றாண்டாகச் சுழல்கிறது. அச்சட்டத்தின் பிரிவு 17இன்கீழ் வரும் நிலங்களில் குடியிருப்போர் பட்டாவும் மின் இணைப்பும் கோரி ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்களிடம் மனு அளிக்கின்றனர். மின் இணைப்பு இல்லாத வீட்டில் எக்கட்சியின் தொலைக்காட்சியும் ஒளிர்வதில்லை.