ஒரு குறையும் ஒரு முழு மனிதரும்

ஏட்ரியன் ஆஷின் பார்வையைப் பறித்தது நோயன்று, மருத்துவம். 1946இல் நியூயார்க்கில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்த அவருக்கு, உயிர்காக்க அளித்த ஆக்சிஜன் மிகுதியாகி விழித்திரையைக் கெடுத்தது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இக்கதி நேர்ந்தது. காரணம் ஐயமறத் தெளிவானது 1950களின் நடுப்பகுதியில்தான்.

மகள் பார்வையுள்ள பிள்ளைகளோடு சேர்ந்தே பயில வேண்டுமென்று பெற்றோர் நியூஜெர்சி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். சுவார்த்மோர் கல்லூரியில் தத்துவம் பயின்று, 1969இல் பட்டம் பெற்று வேலை தேடியபோதுதான் கதவுகள் அடைபட்டன. கல்வியில் எவரும் குறை காணவில்லை, கண்ணில்தான் கண்டனர். தம் பார்வையின்மை தனிப்பட்ட துன்பமன்று, குடியுரிமை சார்ந்த வழக்கு என்பதை அவர் அப்போது உணர்ந்தார். 1973இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். நியூயார்க் மாநில மனித உரிமைத் துறையில், வேலைவாய்ப்பில் பாகுபாட்டுக்கு ஆளானோரின் முறையீடுகளை விசாரித்தார். பின்னர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளி, வெல்லெஸ்லி கல்லூரி, 2005 முதல் யெஷிவா பல்கலைக்கழகம் என ஆசிரியப் பணி தொடர்ந்தது. ஊனமுற்ற பெண்களைப் பற்றி மிஷெல் ஃபைனுடன் அவர் தொகுத்த நூல் 1988இல் வெளிவந்தது. 2013 நவம்பரில் புற்றுநோயால் காலமானபோது அவருக்கு வயது 67.

கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாகவே ஆஷ் கருதினார். இதில் திருச்சபையின் போதனைக்கும் அவருக்கும் உள்ள தொலைவை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் கருவில் ஊனம் தெரிந்தவுடன் அதனைக் கலைப்பதை அவரளவு ஆழ்ந்து மறுத்தவர் மிகச் சிலரே. குழந்தையே வேண்டாம் என்பது ஒன்று. இந்தக் குழந்தை வேண்டாம் என்பது முற்றிலும் வேறு என்றார். பின்னதில் ஒரேயொரு கூறு முழு மனிதரையும் மறைத்துவிடுகிறது. வேலை தர மறுத்தவர்களும் அதைத்தானே செய்தார்கள்!

பரிசோதனைகளைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று அவர் வாதிடவில்லை. நோயின் பெயரோடு நின்றுவிடாமல், அத்தகைய பிள்ளைகளும் அவர்தம் குடும்பங்களும் உண்மையில் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்றே மருத்துவரிடம் கேட்டார். எரிக் பேரன்சுடன் அவர் தொகுத்து 2000இல் வெளிவந்த நூல், அவரை ஏற்றோர், மறுத்தோர் இரு சாராரின் கட்டுரைகளையும் தாங்கியுள்ளது. எதிர்ப்பவரை அருகில் அமர்த்தி வாதிட்ட அந்தத் துணிவு நமக்கு வாய்த்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதியர் ஸ்கேன் அறிக்கையுடன் நம் பங்கு இல்லத்திற்கு வந்தனர். நாம் திருச்சபையின் போதனையைத் தெளிவாகவே எடுத்துரைத்தோம், செபித்து அனுப்பினோம். அவர்கள் அஞ்சிய அதே குறையுடன் பிறந்த பிள்ளையை வளர்க்கும் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. திருவிழாத் தேர் நிற்கும் வீடுதான். அங்கே அவர்களை அழைத்துச் செல்ல நமக்குத் தோன்றவேயில்லை.