நெக்ஸ்ட் பட்டன் ஏன் பூட்டிக் கிடக்கிறது?

வங்கியிலோ, ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்திலோ, கோல்சென்ரரிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கம் நல்ல பழக்கம். தகவல் பாதுகாப்பு, பணச்சலவைத் தடுப்பு, தீ விபத்து எண்டு வரிசையாக மொடியூல்கள். ஒரு குரல் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போகும். அது வாசித்து முடிக்கும்வரை 'நெக்ஸ்ட்' பட்டன் வேலை செய்யாது. பக்கத்தில் வேறொன்றைத் திறந்து வைத்துவிட்டு, சத்தம் நின்றதும் வந்து அமத்துவோம். கடைசியில் பத்துக் கேள்வி. எட்டுச் சரியெண்டால் பச்சை அடையாளம் விழும், அவ்வளவுதான்.

ஊழியர்களுக்கு இதில் ஈடுபாடு இல்லையே எண்டு மனிதவளப் பிரிவுகள் கவலைப்படுகின்றன. அதற்காகப் புள்ளிகள், பதக்கப் படங்கள், தரவரிசை, கார்ட்டூன் எல்லாம் வந்துவிட்டன. நாங்கள் கேட்க விரும்புவது வேறு. இந்தப் பாடத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் யார், அவர் எதற்காக வாங்கினார்? இதற்குப் பதில் தேடினால் கணினிக்கு முந்திய காலத்துக்கே போகவேண்டியிருக்கிறது.

1869 செப்டெம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அவொன்டேல் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. வெளியே வர ஒரேயொரு வழிதான் இருந்தது, தீ பிடித்ததும் அந்த வழியில்தான். காப்பாற்ற இறங்கிய இருவரோடு சேர்த்து 110 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அந்த மாநிலத்தில் சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1885ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க மேற்பார்வையாளர் பதவிக்குப் பரீட்சையைக் கட்டாயமாக்கியது. நிலத்துக்கடியில் பல வருடம் உழைத்தவனுக்குக் கையில் அனுபவம் இருந்தது. ஆனால் காற்றோட்டக் கணக்கும் வாயுக்களின் தன்மையும் எழுத்தில் கேட்டால் எங்கே போவான்? பகல் முழுக்கச் சுரங்கத்தில் இருப்பவனுக்குப் பள்ளிக்கூடம் எங்கே?

தோமஸ் பொஸ்டர் எண்டு ஒரு பத்திரிகை ஆசிரியர். சுரங்கத் தொழில் பற்றிய பத்திரிகை நடத்தியவர். பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகளுக்குத் தன்னுடைய பத்திரிகையில் பதில் போடத் தொடங்கினார். கேள்விகள் குவிந்தன. 1891இல் ஸ்கிரான்ரன் நகரத்திலிருந்து தபால்மூலம் ஒரு முழுப் பாடநெறியையே தொடங்கினார். சிறுசிறு கையேடுகள் வீட்டுக்கு வரும். படித்து, கேள்விகளுக்கு விடை எழுதித் திருப்பி அனுப்பவேண்டும். திருத்தி வரும், பிறகு அடுத்த கையேடு. இதுதான் பின்னாளில் சர்வதேசத் தபால்வழிப் பாடசாலைகள் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ரயில் கம்பனிகள் தங்கள் ஊழியர்களுக்காக இதனோடு உடன்பாடு செய்தன. வகுப்பறையாக மாற்றிய ரயில் பெட்டிகள்கூட ஓடின. பிற்காலத்தில் கார் கம்பனி தொடங்கிய வோல்ற்றர் கிறைஸ்லர், ரயில் பட்டறையில் வேலை செய்த நாட்களில் இந்தப் பாடசாலையில் தபாலில் படித்தவர்தான்.

இதைப் பொற்காலமாக்கிக் காட்ட எங்களுக்கு விருப்பமில்லை. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பாதியிலேயே விட்டார்கள். வீடு வீடாகப் போன விற்பனையாளர்கள் இனிக்க இனிக்கப் பேசித் தவணைக்கட்டணத்தில் ஆட்களைச் சேர்த்தார்கள். படிப்பை விட்டவனும் தவணையைக் கட்டவேண்டியிருந்தது. எங்கட ஊரில் ரியூசன் விளம்பரப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிகம் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு விசயம் முக்கியம். முடித்தவனுக்குக் கிடைத்த பலன் அவனுடையது. மேற்பார்வையாளர் பரீட்சையை நடத்தியது அரசு, சுரங்க முதலாளி இல்லை. சான்றிதழோடு அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் சுரங்கத்துக்கும் போகலாம். ஈடுபாடு இருக்கிறதா எண்டு அவனை யாரும் அளக்கவில்லை. அவன் கட்டிய காசே அதற்கு அளவு.

கணினி இந்தக் கதைக்குள் வந்தது 1960இல். இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் என்ற பொறியியலாளர் பிளேட்டோ என்ற கற்பித்தல் முறைமையைக் கட்டினார். 1972இல் வந்த அதன் நான்காவது வடிவத்தைப் படத்தில் பார்த்தால் நம்பமாட்டீர்கள்: செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் தட்டையான பிளாஸ்மா திரை, விரலால் தொட்டு விடை சொல்லலாம். 1972!

இதை வேலைத்தளத்துக்குக் கொண்டுபோனது கொன்ட்ரோல் டேற்றா என்ற கணினிக் கம்பனி. அதன் தலைவர் வில்லியம் நொரிஸ் ஒரு வித்தியாசமான முதலாளி. 1967இல் மினியாபொலிஸ் நகரின் வடபகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த இடத்தில், கலவரம் வெடித்தது. அடுத்த வருடமே அதே பகுதியில் தொழிற்சாலை திறந்து அங்குள்ளவர்களுக்கு வேலை கொடுத்தார். பயிற்சி இல்லாதவர்களுக்குக் கணினியே ஆசிரியராகும் எண்டு அவர் உண்மையாகவே நம்பினார். 1970களின் நடுப்பகுதியில் பிளேட்டோவின் வணிக உரிமையை அவருடைய கம்பனி பெற்றுக்கொண்டது. விமானிகளின் தரைப் பயிற்சிக்கும், பங்குச்சந்தை முகவர்களின் உரிமப் பரீட்சைக்கும் அது பயன்பட்டது. ஆனால் விலை? ஒரு மணி நேரப் பாவனைக்குச் சுமார் 50 டொலர். அந்தக் காசைத் தன்னுடைய பொக்கற்றிலிருந்து கொடுக்கக்கூடிய தொழிலாளி கிடையாது. ஆக, பாடத்தை வாங்குபவர் கம்பனி, படிப்பவர் வேறொருவர் எண்டு நிலைமை மாறியது. இதை யாரும் சதி செய்து கொண்டுவரவில்லை. இயந்திரத்தின் விலை அப்படி.

பிளேட்டோவில் ஆட்கள் இரவிரவாக ஒட்டிக்கொண்டிருந்தது எதில் எண்டு பார்த்தால் இன்னும் சுவாரசியம். 1973இல் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பெடியன், முறைமையில் உள்ள பிழைகளை அறிவிப்பதற்காக 'நோட்ஸ்' என்ற ஒரு செயலியை எழுதினான். ஒருவர் கேள்வி போட, கீழே மற்றவர்கள் பதில் போடலாம். அதே வருடம் பலர் ஒரே நேரத்தில் தட்டச்சுச் செய்து கதைக்கும் வசதியும் வந்தது, பிறகு விளையாட்டுகள். பாடம் படிக்க வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கத் தங்கிவிட்டார்கள். அங்கே மாணவராக இருந்த ரே ஒஸி பிற்காலத்தில் லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கினார். 1990களில் உலகமெங்கும் அலுவலகங்கள் அதில்தான் வேலை செய்தன. வேலை தெரிந்தவரிடம் தெரியாதவர் கேட்கிற அந்தப் பகுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகவும் கலந்துரையாடலாகவும் போய்ச் சேர்ந்தது. பயிற்சி எண்ட பெயரில் வந்ததோ, தனியாக இருந்து அமத்துகிற பகுதி மட்டும்.

அது ஏன் எண்டு விளங்க ஒரு தொழில்நுட்ப விசயத்தைப் பார்க்கவேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ.

1980களில் விமானக் கம்பனிகளுக்கு ஒரு தலையிடி. போயிங்கிலிருந்து வாங்கிய விமானத்துக்கு ஒரு வகைப் பயிற்சிக் கணினி, எயார்பஸ்ஸிலிருந்து வாங்கியதற்கு வேறொன்று. ஒன்றின் பாடம் மற்றதில் ஓடாது. 1988இல் விமானத் தொழிற்துறை ஒரு குழுவை அமைத்துப் பொது விதிகளை எழுதத் தொடங்கியது. 1997இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் இதே வேலையில் இறங்கியது. படைகளுக்குத் தேவையான பாடத்தை ஒரு தரம் செய்து எல்லா இடமும் ஓட்டவேண்டும் என்பது நோக்கம். விமானத்துறையின் விதிகளையும் எடுத்துக்கொண்டு 2000இல் அவர்கள் வெளியிட்ட தரநிலையின் பெயர் ஸ்கோர்ம். 2001இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்றைக்கும் ஏராளமான நிறுவனங்களில் ஓடுகிறது.

அந்தப் பதிப்பில் ஒரு பாடம் உங்களைப் பற்றி முறைமைக்கு என்ன சொல்லலாம்? பாடத்தின் நிலையைச் சொல்ல ஆறு சொற்கள்: சித்தி, பூர்த்தி, சித்தியில்லை, பூர்த்தியில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவேயில்லை. இவற்றோடு ஒரு புள்ளி, செலவழித்த நேரம், நிறுத்திய இடம். கேள்விகளுக்கு அளித்த விடைகளைப் பதியவும் வழி இருந்தது, ஆனால் அது கட்டாயமில்லை. மற்ற எல்லாவற்றையும் பாடம் தன் நினைவுக்காகக் குறித்துவைக்க 4096 எழுத்துருக்கள். இந்தக் கட்டுரையின் பாதிகூட அதற்குள் அடங்காது. யன்னலைப் பிழையாக மூடினால் பதிவு போகாமலே விடவும் கூடும். ஒரு மணி நேரம் இருந்து முடித்தும் 'பூர்த்தியில்லை' எண்டு வந்து திரும்பச் செய்தவர்கள் எங்களில் பலர்.

இராணுவத்துக்கு இது போதும், ஒரு பொருத்து வேலை அது. ஆனால் அளக்கக்கூடியது இவ்வளவுதான் எண்டானதும் பாடம் எழுதுபவர்கள் இதற்கேற்ற பாடங்களையே எழுதினார்கள். 'பக்கத்து மேசை அக்காவிடம் கேட்டு விளங்கிக்கொண்டான்' எண்டு பதிய அந்த ஆறு சொற்களில் இடமில்லை. 2013இல் வந்த புதிய தரநிலையொன்றில் யார், என்ன செய்தார், எதை என்ற வசனமாக எதையும் பதியலாம். பெரும்பாலான இடங்களில் அதற்குப் பிறகும் பழையதே ஓடுகிறது. ஏனெண்டால் கேட்பவருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

கேட்பவர் யார்? வழக்கறிஞர். 1991இல் அமெரிக்காவில் நிறுவனங்களுக்கான தண்டனை வழிகாட்டி நடைமுறைக்கு வந்தது. குற்றத்தைத் தடுக்க முறையான ஏற்பாடு வைத்திருந்த நிறுவனத்துக்குத் தண்டப்பணம் குறையலாம் எண்டது அது. அந்த ஏற்பாட்டில் பயிற்சியும் ஒரு பகுதி. 1998 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு பாலியல் தொந்தரவு வழக்குகள் ஒரே நாளில் தீர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்று புளோரிடாவின் பொக்கா ரற்றோன் நகரக் கடற்கரையில் உயிர்காப்பாளராக வேலை செய்த ஒரு பெண்ணின் வழக்கு. நகரசபையிடம் தொந்தரவுக்கு எதிரான கொள்கை எழுத்தில் இருந்தது. ஆனால் கடற்கரை ஊழியர்களுக்கு அதை ஒருவரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சபை தோற்றது. தடுக்க நியாயமான முயற்சி எடுத்ததாக நிறுவனம் காட்டினால் தற்காப்பு உண்டு எண்டும் அந்தத் தீர்ப்புகள் சொல்லின. அதாவது, ஒவ்வொரு ஊழியருக்கும் சொன்னோம் என்பதற்குத் திகதியோடு சாட்சி வேண்டும். இரண்டு வருடத்துக்குள் ஸ்கோர்ம் வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின.

பூட்டிய பட்டனுக்கு வருவோம். 2004இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் மேற்பார்வையாளர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, குறைந்தது இரண்டு மணி நேரம் பாலியல் தொந்தரவுத் தடுப்புப் பயிற்சி. நல்ல சட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் கேட்டது மணித்தியாலத்தை. இணையத்தில் ஒருவர் இரண்டு மணி நேரம் இருந்தார் எண்டு எப்படிக் காட்டுவது? இப்படியான சட்டங்களுக்கு மென்பொருள் கொடுத்த பதிலில் ஒன்றுதான் நேரம் முடியும்வரை திறக்காத பட்டன். விளங்கினவரையும் விளங்காதவரையும் அது ஒரே மாதிரி மறித்துவைக்கும்.

கம்பஸ் போனவர்களுக்கு எல்.எம்.எஸ். என்றால் மூடில்தான் ஞாபகம் வரும். அதை எழுதிய மார்ட்டின் டூகியாமஸ் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் படித்தவர். 2002இல் அவர் வெளியிட்ட மூடில் இலவசம். அதில் கலந்துரையாடல் களமும் மாணவர்கள் சேர்ந்து எழுதும் விக்கியும் இருக்கின்றன. எங்கட விரிவுரைகளில் அது பெரும்பாலும் ஸ்லைட் இறக்கவும் அசைன்மென்ட் ஏற்றவும்தான். மென்பொருளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை எண்டதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

அந்த அமெரிக்கச் சட்டங்கள் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தச் சட்டங்களுக்காகச் செய்த பாடங்களும் மென்பொருளும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடும் தலைமையகங்களோடும் சேர்ந்து இங்கே வருகின்றன. வேலை நேரத்தில் முடியாமல், இரவில் சொந்த டேற்றாவில் மொடியூல் செய்கிறவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்த நேரம் சம்பளத்தில் சேராது. வேலையை விட்ட நாளில் கணக்கு மூடப்படும். பத்து மொடியூல் செய்த பதிவு கம்பனியின் சேர்வரில் இருக்கும், உங்களிடம் இராது. பென்சில்வேனியாச் சுரங்கக்காரனிடம் இருந்த தாள் எங்களிடம் இல்லை.

இலங்கையில் அந்தத் தாளுக்குக் கிட்ட வருவது தேசிய தொழிற்தகைமை, என்.வி.கியூ. ஏழு மட்டங்கள் உண்டு. முறையாகப் படிக்காமல் வேலையிலேயே பழகியவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் விண்ணப்பிக்கலாம். நைற்றா போன்ற நிறுவனங்கள் மதிப்பீடு செய்கின்றன. வேலையைச் செய்து காட்டவேண்டும், செய்த வேலைக்கும் பெற்ற பயிற்சிக்கும் ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுக்கவேண்டும். ஆகவே விலகல் கடிதம் கொடுக்க முதலே, கணக்கு மூடப்பட முதலே, உங்கள் பயிற்சிப் பதிவை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கோ. பாடத்தின் பெயர், திகதி, அந்த ஆறு சொற்களில் ஒன்று: பெரும்பாலும் இவ்வளவுதான் ஒரு எக்செல் தாளில் வரும். பாடத்தில் என்ன இருந்தது எண்டதைப் பக்கத்தில் நீங்களே எழுதிவைக்கவேண்டியிருக்கும்.